பாண்டி நாட்டில் சேரன் பேர்

திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையத்தில் மேற்கே போகிற வண்டிகள் நிற்கும் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "சேர்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, பாவநாசம்" என்று நடத்துநர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது காதில் விழும். அந்த வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதோ சேரன்மகாதேவி. புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி என்று கிளம்பி, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்று, 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட அந்தப் பூசலை எழுதுகிறவர்கள் 'சேரன்மாதேவி குருகுலம்' என்றுதான் எழுதுவார்கள். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் ஊர் 'ஷெர்மாதேவி' ஆகிவிடுகிறது.

வடிவம் எதுவானாலும் முன்னால் நிற்பது சேரன். ஊர் இருப்பதோ தாமிரபரணியின் தென்கரையில், பாண்டி நாட்டின் நெல்லுக்களத்தில். சேரனுக்கு வஞ்சி உண்டு, கரூர் உண்டு, கொடுங்கல்லூர் உண்டு. இங்கே அவனுக்கு என்ன வேலை? ஊரில் கேட்டால் உடனே ஒரு விடை கிடைக்கும்: சேர அரசன் தன் மகாதேவிக்குக் கொடுத்த ஊர், அவ்வளவுதான். இந்த விடையில் எனக்கு நெடுநாளாகவே திருப்தியில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் சேரன் பேரைச் சுமக்கிற ஊர் இது ஒன்றுமட்டும் இல்லை. சிற்றாற்றங்கரையில் வீரகேரளம்புதூர் இருக்கிறது. கடற்கரையில் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தோண்டினால் சேரன் நழுவிப் போய்விடுகிறான். பாண்டியன் வருகிறான், சோழன் வருகிறான், பெரும்பாலும் ஒரு பெண் வருகிறாள்.

முதலில் சேரன் என்ற சொல்லையே பார்த்துவிடலாம்.

அசோகன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வெட்டுவித்த பாறைக் கட்டளைகளில் இரண்டாவது, தன் ஆட்சிக்கு வெளியே தெற்கில் இருந்தவர்களை வரிசைப்படுத்துகிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், கடைசியில் தாம்பபன்னி. கடைசிப் பெயர் இலங்கையைக் குறிக்கிறது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனாலும் நம் ஆற்றின் பேரும் அதுதான் என்பதால் நெல்லைக்காரர் யாரும் அந்த வரியைக் கண்டால் ஒரு கணம் நின்றுதான் போவார்கள். நமக்கு இப்போது வேண்டியது அதற்கு முந்தைய பெயர். கிர்னாரிலும் மான்சேராவிலும் மற்ற இடங்களிலும் எழுத்து கொஞ்சம் மாறி மாறி வந்தாலும் முதலெழுத்து எங்கேயும் 'கே'தான். பிளினியும் தாலமியும் எழுதிவைத்த பெயரும் 'கேரோபோத்ரோஸ்' என்கிற மாதிரிதான் ஒலிக்கும். சங்கப் பாட்டில் மட்டும் சேரல், சேரலன், சேரலாதன், சேரமான். வெளியார் எல்லாருக்கும் 'கே', தமிழனுக்கு மட்டும் 'சே'.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி செய்தவரில் ஒருவர் நெல்லைச் சீமைக்காரராகவே ஆகிவிட்ட கால்டுவெல். இடையன்குடியில் இருந்துகொண்டு 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தையும் எழுதியவர், கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர், இடையன்குடியிலேயே அடங்கியவர். தமிழில் சகரத்தில் தொடங்குகிற பல சொற்களுக்குக் கன்னடத்தில் ககரம் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் சேரி, அவர்களுக்குக் கேரி. மடிக்கேரியின் கேரி அதுதான். நமக்குச் செய், அவர்களுக்குக் கெய். நம் செம்மையும் சிவப்பும் அங்கே கெம்பு. பெங்களூரைக் கட்டிய கெம்பே கௌடரின் பேரில் இருப்பது அந்தக் கெம்பு. ககரத்துக்குப் பின்னால் இ, ஈ, எ, ஏ வந்தால் தமிழ் வாய் அதைச் சகரமாக்கிவிட்டது. ஆனால் அடுத்து நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ இருந்தால் மாற்றம் இல்லை. கிளி சிளி ஆகவில்லை, கேள் சேள் ஆகவில்லை, கெடு செடு ஆகவில்லை. இத்தனை ஒழுங்காக ஒரு விதி நடந்திருக்கிறது என்பதை முதன்முதல் படித்தபோது எனக்குக் கொஞ்சம் மலைப்பாகவே இருந்தது. இலக்கணம் அறியாத எத்தனையோ தலைமுறை அதை ஒரு பிசகும் இல்லாமல் செய்து முடித்திருக்கிறது.

அந்த விதியில் வைத்துப் பார்த்தால் கேரல் முந்தியது, சேரல் பிந்தியது. அசோகன் காலத்தில் தமிழிலும் ககரம் மாறாமல் இருந்ததா, அல்லது கன்னடம் பேசினவர்கள் வழியாகப் பெயர் வடக்கே போனதா என்பதில் அறிஞர் இரு கட்சி. எப்படியானாலும் சேரன் வேறு, கேரளன் வேறு என்று பிரித்துப் பேச இடமில்லை. கேரம் என்றால் தென்னை, அளம் என்றால் நிலம், ஆகவே தென்னை நாடு என்று பிரித்துச் சொல்வது பெயருக்கு அழகாகப் பிற்காலத்தார் கட்டிய பொருள். சேரல் என்பதைச் சாரலோடு சேர்த்து, மலைச்சாரல் நாட்டான் என்று சொல்கிற கட்சிக்கு அதைவிட வலு அதிகம். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறபோது அந்தக் கட்சியில் சேர்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றும்.

பெயரின் பின்பாதியையும் விட்டுவிடக் கூடாது. கேரளபுத்திரன் என்றால் சேரனுடைய மகன். சேரமான் என்பதிலுள்ள 'மான்' மகன் என்பதன் தேய்ந்த வடிவம். திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அசோகன் சொன்ன சத்தியபுத்திரன் அதியமானே என்று காட்டிவிட்டது. அதியமான் அதியமகன் என்றால் சேரமானும் சேரமகன்தான். ஆகச் 'சேர' என்பது ஓர் ஆளின் பேராக இல்லை. ஒரு குடியின் பேர், அந்தக் குடி இருந்த நிலத்தின் பேர். அரசன் அதன் மகன் என்ற அளவில்தான் அதைச் சூடிக்கொள்கிறான்.

இனிச் சேரன்மகாதேவிக்கு வரலாம்.

ஆற்றங்கரையில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஊரில் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உண்டு. சோழர் இங்கே ஆண்ட காலம் அது. பாண்டி நாட்டை ராசராசப் பாண்டி நாடு என்று மாற்றி, அதற்குள் முடிகொண்டசோழ வளநாடு என்று ஒரு பிரிவு வைத்து, அதற்குள் முள்ளி நாட்டை வைத்து, அந்த முள்ளி நாட்டுப் பிரமதேயமாக இந்த ஊரைச் சொல்வார்கள். ஊரின் அரசாங்கப் பேர் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம். நிகரிலிசோழன் என்பது முதலாம் ராசராசனின் பட்டங்களில் ஒன்று. ஆனால் பழைய பேரும் கூடவே நின்றது: சேரவன்மாதேவி.

'சேரன்' இல்லை, 'சேரவன்'. இந்த ஒரு வகரத்தைக் கவனிக்க வேண்டும். வானவன், பஞ்சவன், மீனவன் என்று குடிப்பேர்களை வழங்குகிற மரபில் வந்த வடிவம் இது. சேரவன்மாதேவி நாக்கில் புரண்டு சேரன்மாதேவி ஆகி, இன்னும் தேய்ந்து சேர்மாதேவி ஆனது. மகாதேவி என்று நீட்டி எழுதுவது பிற்காலத்துப் படித்தவர்கள் செய்த மராமத்து. ஆகப் பலகையில் இருக்கிற பேரைவிட நடத்துநர் சொல்கிற பேர் பழைய உச்சரிப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

கல்லில் இதைப் படிப்பதே ஒரு வித்தை. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. செ, சே இரண்டும் ஒரே கொம்பில்தான் வரும். நெடிலுக்குச் சுழித்த கொம்பு போடுகிற வழக்கம் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது; அவரும் காமநாயக்கன்பட்டிப் பக்கம் இருந்து உழைத்தவர்தான். ஆகவே கல்லில் கண்ணுக்குத் தெரிவது 'செரவனமாதெவி' என்கிற மாதிரி ஓர் எழுத்து வரிசை. எங்கே நெடில், எங்கே மெய் என்பதைப் படிக்கிறவன் தன் மொழி அறிவைக் கொண்டுதான் நிரப்பவேண்டும். ஊர்க்காரர் வாயில் பேர் உயிரோடு இருந்ததனால் இந்த ஊரில் அந்தச் சந்தேகம் வரவில்லை.

சரி, சேரவன்மாதேவி யார்?

மாதேவி, மகாதேவி என்பது பட்டத்தரசிக்கு உரிய பட்டம். அரசியின் பேரில் பிரமதேயம் ஏற்படுத்துவது அந்தக் காலத்தில் சாதாரணம். நாகப்பட்டினத்துப் பக்கம் செம்பியன்மாதேவி, கடலூர்ப் பக்கம் வானமாதேவி, திருச்சிப் பக்கமும் உடுமலைப் பக்கமும் சோழமாதேவி. புதுச்சேரிக்குப் பக்கத்துத் திருபுவனை, திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலமாக இருந்து சுருங்கியது. முன்னால் நிற்கிற குடிப்பேருக்கும் அந்த அரசிக்கும் என்ன உறவு என்று இந்த வரிசையில் பார்த்தால்தான் தலை சுற்றும்.

செம்பியன் என்றால் சோழன். செம்பியன்மாதேவி கண்டராதித்த சோழனின் மனைவி, மழவரையர் குடியில் பிறந்தவர். அங்கே செம்பியன் என்பது புகுந்த வீட்டுப் பேர். வானவன் என்பதைச் சேரனுக்குரிய பேராக நிகண்டுகள் சொல்லும். ஆனால் ராசராசனின் தாய் வானவன்மாதேவி சேர நாட்டுப் பெண் இல்லை. திருக்கோவலூர் மலையமான் வீட்டுப் பெண். பஞ்சவன் என்றால் பாண்டியன். ராசராசனின் தேவியரில் ஒருவர் பஞ்சவன்மாதேவி. அவருக்குப் பட்டீச்சரத்தில் பள்ளிப்படைக் கோயில்கூட உண்டு. அவரைப் பழுவூர்க் குடியோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள், மதுரையோடு இல்லை. சோழன் பாண்டியனை வென்று அவன் பேரையும் தன் பட்டமாக எடுத்துக்கொண்டால், சோழன் மனைவி பஞ்சவன் மாதேவி ஆகிவிடுகிறாள்.

ஆகச் சேரவன்மாதேவியை மூன்று விதமாகப் பிரிக்கலாம். சேரனை மணந்தவள். சேரன் வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போனவள். சேரன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட வேற்றரசன் ஒருவனின் தேவி. மூன்றாவதைச் சும்மா சொல்லவில்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் கோச்சடையன் ரணதீரன் வானவன், செம்பியன், சோழன் என்ற பட்டங்களை எல்லாம் தாங்கினான் என்று வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. பாண்டியனே வானவனும் செம்பியனும் ஆனபின் ஊர்ப் பேரில் சேரனைக் கண்டதும் சேரநாட்டுக்கு ஓடுவது எப்படிச் சரியாகும்?

ஊரில் சொல்கிற கதை முதல் பிரிவைச் சேர்ந்தது. அதற்குத் துணையாகத் திருவிதாங்கூர்ச் சரித்திர நூல்களைக் காட்டுவார்கள். வேணாட்டை 1383 முதல் 1444 வரை ஆண்டதாகச் சொல்லப்படும் சேர உதயமார்த்தாண்டவர்மன், மலைக்குக் கிழக்கேயுள்ள நிலங்களைப் பிடித்துச் சேரன்மகாதேவியில் வந்து தங்கினான் என்று அந்த நூல்கள் எழுதுகின்றன. தங்கியிருக்கலாம். வேணாட்டார் களக்காட்டிலும் பிடி வைத்திருந்தவர்கள். ஆனால் ஊர்ப் பேர் பதினோராம் நூற்றாண்டுக் கல்லில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுக்குப் பிற்பாடு வந்தவன் அதை எப்படி வைத்திருப்பான்? அவன் வந்ததனால் ஊருக்குச் சேரன் பேர் வரவில்லை. பேர் ஏற்கெனவே அப்படி இருந்தது அவனுக்கு வசதியாகப் போயிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எனக்குச் சரியாகப் படுவது இரண்டாம் பிரிவு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பராந்தக வீரநாராயண பாண்டியனின் தேவி வானவன்மகாதேவி. அவர்களுடைய மகன் ராசசிம்மன்தான் சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டை வெளியிட்டவன். தாயின் பேரையும் அதில் சொல்கிறான். அவர் சேரர் மகள் என்பது ஆய்வாளர் பலர் கொள்கிற முடிவு. வானவனும் சேரவனும் ஒரு பொருட் பெயர்கள். கால வரிசை இடிக்கவில்லை. சோழர் வந்து நிகரிலிசோழன் என்று பெயரை மாற்றும் முன்னரே ஊர் சேரவன்மாதேவியாக இருந்திருக்க வேண்டுமே, அதற்கும் இது பொருந்துகிறது. பாண்டிய வரலாற்றை 1929இல் முறையாக எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி பிறந்த கல்லிடைக்குறிச்சி, சேர்மாதேவிக்கு மேற்கே அடுத்த அடுத்த ரயில் நிலையங்களில் ஒன்று. 'ஊரும் பேரும்' எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை பிறந்த ராசவல்லிபுரம் அதே ஆற்றங்கரையில். ஊர்ப்பேர் ஆராய்ச்சிக்கு இந்த ஆற்றுத் தண்ணீரில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

இந்த முடிவை ஏற்றால், பாண்டி நாட்டின் நடுவில் சேரன் பேர் வந்தது படையெடுப்பால் அல்ல, பெண் எடுத்ததால். மலைக்கு மேற்கே பிறந்து கிழக்கே வாழ வந்த ஒருத்தியின் பேர் ஊருக்கு நின்றது, அதுவும் அவளுடைய சொந்தப் பேராக இல்லாமல் பிறந்த வீட்டின் பேராக. வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லி 'பத்தமடைக்காரி', 'ஆழ்வார்குறிச்சிக்காரி' என்று கூப்பிடுகிற வழக்கம் நெல்லைச் சீமையில் இன்னும் போகவில்லை. அரண்மனையில் நடந்ததும் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். ஆறு கடலில் விழப்போகிற இடத்துக்குப் பக்கம் சேர்ந்தபூமங்கலம் என்று ஓர் ஊர். மேற்கே தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தமரம். இந்த இரண்டையும் சேரன் கணக்கில் எழுதிவிட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சேரந்தமரம், சேரன் மரம் என்றெல்லாம் நீட்டுவார்கள். இவை 'சேர்' என்ற வினையிலிருந்து வந்தவை. சேர்ந்தபூமங்கலத்தின் தலக்கதை நவகைலாயக் கதை. அகத்தியரின் மாணாக்கர் உரோமசர் பாவநாசத்தில் ஒன்பது பூக்களை ஆற்றில் விட்டார். ஒவ்வொன்றும் ஒதுங்கிய இடத்தில் ஒரு கைலாயம். முதல் பூ பாவநாசம், இரண்டாவது சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி என்று வந்து, கடைசிப் பூ சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். கதை உண்மையோ இல்லையோ, இலக்கணம் சரியாக இருக்கிறது: சேர்ந்த என்பது பெயரெச்சம், அதில் குடிப்பேருக்கு இடமில்லை. ஒரே கதையில் 'சேர' என்று குடிப்பேராக ஓர் ஊரும், 'சேர்ந்த' என்று வினையாக இன்னோர் ஊரும் வருவதால் குழப்பத்துக்கு நல்ல வசதி.

வீரகேரளம்புதூர் வேறு மாதிரி. சிற்றாற்றின் கரையில், சுரண்டைக்குப் பக்கம். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர் அது. காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதாலய மருதப்பத் தேவர் அந்த ஜமீன்தான். இலக்கியக்காரர்களுக்கு அந்த வகையில் தெரிந்த ஊர். மற்றவர்களுக்கு வீ.கே.புதூர் தாலுகா, 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டம். இந்தப் பேரில் வகரம், ககரம் இரண்டும் எதற்கு நிற்கின்றன என்று கேட்டால் பிள்ளைகள் யாரோ ஒரு பெரியவரின் தலைப்பெழுத்து என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீரகேரளன் ஒருவன் இல்லை. வேணாட்டு அரசர் வரிசையில் வீரகேரளவர்மர்கள் உண்டு. கொங்கு நாட்டில் அந்தப் பேரோடு ஓர் அரச வரிசையே உண்டு; கோயம்புத்தூருக்கு அருகே வடவள்ளிப் பக்கம் வீரகேரளம் என்று ஓர் ஊரும் உண்டு. மூன்றாவதாக ஒருவன் முதலாம் ராசாதிராசனின் மெய்க்கீர்த்தியில் வருகிறான். தெற்கே மூன்று அரசர் கூடி எதிர்த்தார்கள். மானாபரணன் தலையிழந்தான், வீரகேரளனை யானைக்காலில் இடறச் செய்தார்கள், சுந்தரபாண்டியன் முல்லையூருக்கு ஓடினான் என்று அது பெருமையடித்துக்கொள்கிறது. அந்த மூவரும் பாண்டியர் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாண்டியன் ஒருவன் வீரகேரளன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் தாய்வழியாக வந்த பேராக இருக்கலாம், வென்று எடுத்த பட்டமாகவும் இருக்கலாம். சிற்றாற்றுப் பாசனத்தில், பாண்டியர் நிலத்தில் இருக்கிற ஊருக்கு மலைதாண்டி வந்த அரசனைத் தேடுவதைவிட இந்த வழி எனக்குச் சுருக்கமாகப் படுகிறது. 'புதூர்' பிற்பாடு ஒட்டியது.

அரசப் பேர் ஊர்ப் பேராக நிலைத்தபின் அதன் பொருளைத் தலைகீழாக ஆக்கிவிடுவதும் நடக்கும். மதுரைக்கு மேற்கே சோழவந்தான் அதற்கு நல்ல சாட்சி. பழைய பேர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழனுக்கு எமன் என்று பாண்டியன் சூடிய பட்டம் சோழாந்தகன். அந்தகன் மறந்துபோய், சோழன் உவந்தான், சோழன் வந்தான் என்று ஊருக்கு மங்களமாகக் கதை பிறந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதல் வாசல் கேரளாந்தகன் வாசல். நல்லவேளை, அதற்கு யாரும் கேரளன் தந்தான் என்று பொருள் சொல்லவில்லை.

உண்மையாகவே ஒரு சேரன் தாமிரபரணிப் பக்கம் வந்து கட்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அம்பாசமுத்திரத்துக்கு அருகே மன்னார்கோவில். மூன்று தளமாக உயர்ந்த விமானம்; நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் மூன்று நிலையில். பதினோராம் நூற்றாண்டில், சோழபாண்டியன் சுந்தரன் மதுரையிலிருந்து தென்னாட்டை ஆண்ட நாளில், சேரமான் ராசசிங்கன் இதைக் கட்டுவித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்கு அவன் வைத்த பேர் ராசேந்திரசோழ விண்ணகர். தன்னை அடக்கிய ராசேந்திரனின் பேர். பணமும் உழைப்பும் சேரனுடையது, பேர் சோழனுடையது. பேரை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதினால் மன்னார்கோவில் சோழன் கட்டியது, சேரன்மகாதேவி சேரன் உண்டாக்கியது என்று எழுதவேண்டியிருக்கும். இரண்டும் தப்பு.

அதே மன்னார்கோவிலில் குலசேகர ஆழ்வாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. சேர நாட்டு அரசராகப் பிறந்து அரசை விட்டு வந்தவர், கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார் என்பது வைணவர் நம்பிக்கை. குலசேகரன் என்றால் குலத்துக்கு முடிமணி. எந்தக் குலத்துக்கு என்பதைப் பேர் சொல்லாது. அதுதான் அதன் சௌகரியம். மகோதயபுரத்துச் சேரப் பெருமாள்களைக் குலசேகர மரபு என்றே பலர் எழுதினார்கள். வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காஞ்சி வரை போய் முடிசூடிக்கொண்டான். திருவிதாங்கூர் அரசர்கள் கடைசிவரை குலசேகரப் பெருமாள் என்ற பட்டத்தை விடவில்லை. பாண்டியரிலும் சடையவர்மன் குலசேகரன் 1190இல் பட்டமேறினான். 1268 முதல் 1310 வரை மாறவர்மன் குலசேகரன் ஆண்டான். மார்க்கோ போலோ காயலுக்கு வந்தது இவன் நாளில். மதுரைப் பக்கம் குலசேகரன்கோட்டை, கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், நம் கடற்கரையில் குலசேகரன்பட்டினம். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு அரச குடிகள் ஒரு பேரைப் பங்குபோட்டுக்கொண்டதால் ஊர்களும் பங்காளிகள் ஆகிவிட்டன.

குமரி மாவட்டத்துக் குலசேகரம் வேணாட்டு நிலத்தில் இருப்பதால் அதைச் சேரர் பக்கத்தில் எழுதலாம். குலசேகரன்பட்டினம் அப்படி இல்லை. காயலும் பழையகாயலும் இருந்த அதே முத்துக்குளித்துறைக் கரை அது, பாண்டியனின் வருமானக் கரை. குதிரையும் முத்தும் கைமாறின அந்தக் காலத்தில் அங்கே ஒரு பட்டினத்துக்குத் தன் பேர் வைக்கப் பாண்டியனுக்குத்தான் காரணம் இருந்தது. ஊர்க்காரர்களும் பாண்டியனைத்தான் சொல்வார்கள். இந்த ஓர் ஊரில் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு இல்லை.

அந்தப் பேரையும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. தசரா நாளில் முத்தாரம்மனுக்கு வேசம் கட்டிப் போகிற கூட்டத்துக்கு அது குலசை. நெல்வேலி நெல்லை ஆனது போல, அம்பாசமுத்திரம் அம்பை ஆனது போல, தலையை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஓர் ஐகாரத்தில் அடக்கிய மரூஉ. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியபோது அரசாங்க அறிவிப்புகளில் ஊர் குலசேகரன்பட்டினம்; நாளிதழ்த் தலைப்புகளில் குலசை. சிறிய செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி விடுகிறபோது இலங்கைக்கு மேலே போகாமல் நேரே கடல்மேல் போக வசதியான முனை என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள்.